பள்ளிப் பேருந்துத் தடத் தரவு: மென்பொருளை மாற்றுமுன் எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது?

தேரடி எழுத்தர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியின் போக்குவரத்துப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். கணினி அறிவியல் படித்தவள் அல்லள். ஒன்பது ஆண்டுகளாக இந்த மென்பொருளில் பிள்ளைகளை வண்டி வண்டியாகப் பிரித்து ஏற்றி வருகிறேன் என்பது மட்டுமே என் தகுதி. எங்களிடம் 14 பேருந்துகள் உள்ளன. அவற்றில் 640 மாணவர்கள் வருகிறார்கள். வடக்கே எண்ணூர், கத்திவாக்கம், தெற்கே ராயபுரம், மேற்கே மணலி, மாதவரம், கொடுங்கையூர் வரைக்கும் வண்டிகள் சென்று வருகின்றன.

எங்கள் தட மென்பொருளின் தரவுத்தளம் எஸ்.க்யூ.எல். சர்வர் 2012இல் (மைக்ரோசாப்ட்டின் தரவுத்தள மென்பொருள்) இயங்குகிறது. மே மாத விடுமுறையில் அதை 2022 பதிப்புக்கு மாற்றப் போவதாகவும், அதற்குள் தரவைச் சுத்தம் செய்து வைக்கும்படியும் மென்பொருள் நிறுவனத்தார் ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். எதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் என்று பதில் வந்தது.

என்னை மலைக்க வைப்பது நிறுத்தங்களின் அட்டவணைதான். அதில் 311 பதிவுகள் இருக்கின்றன. ஓட்டுநர்களோ, வண்டிகள் நிற்கும் இடங்கள் 190க்கு மேல் இருக்காது என்கிறார்கள். சுங்கச்சாவடிக்கு மட்டும் நான்கு பதிவுகள்: "சுங்கச்சாவடி" என்று ஒன்று, "டோல்கேட்" என்று ஒன்று, "டோல்கேட் பஸ் ஸ்டாப்" என்று ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று. திருவொற்றியூர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் எங்கள் அட்டவணையில் உண்டு. எனக்கு முன்னிருந்தவர் தமிழில் உள்ளிட்ட சில பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. இன்னும் சில, தமிழும் அல்லாத ஆங்கிலமும் அல்லாத எழுத்துக் குவியலாக நிற்கின்றன.

நான்கையும் ஒன்றாக்கி மூன்றை அழித்துவிடலாமா? கேள்விக்குறிகளை மீட்க வழி உண்டா? எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக இறக்கித் திருத்தி மொத்தமாக ஏற்றிவிடலாம் என்று எங்கள் அலுவலக மேலாளர் சொல்வது சரியான வழிதானா? புதிய பதிப்பு வந்த பிறகு நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம் என்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வண்ணைத் தரவாளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. தரவுத்தளப் பராமரிப்பு என் தொழில்; வசிப்பது பழைய வண்ணாரப்பேட்டை. முதலில் கேள்விக்குறிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் வீணாக நாள்களைக் கழிக்கிறார்கள். யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் முறை) ஏற்காத புலத்தில், அதாவது அட்டவணையின் நெடுவரிசையில், தமிழைச் சேமித்தால், சேமிக்கும் அந்த நொடியிலேயே ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியாக மாறிவிடும். திரையில் தெரிவது காட்சிக் கோளாறு அன்று. உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான். எந்தப் பதிப்புக்கு மாற்றினாலும் அது திரும்பி வராது. பழைய அச்சுப் பட்டியல், கட்டண ரசீது, நடத்துநரின் நோட்டு ஆகியவற்றைப் பார்த்துக் கையால் மறுபடி உள்ளிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்துக் குவியலாக நிற்பவற்றின் கதை வேறு. அவை பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவையாக இருக்கும். அங்கே தரவு அழியவில்லை, எழுத்துருதான் இல்லை. குறியாக்க மாற்றி கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் எந்தப் பதிவு எந்த எழுத்துருவில் உள்ளது என்று பிரித்துக்கொண்ட பிறகே மாற்றுங்கள். ஆங்கிலப் பெயரை மாற்றியில் போட்டால் அது புதிய குவியலாக வெளியே வரும்.

பதிப்பை மாற்றுவதால் மட்டும் புலத்தின் வகை மாறாது என்பதையும் நிறுவனத்தாரிடம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். வார்சார் (யூனிகோட் ஏற்காத பழைய உரை வகை) வகையில் இருக்கும் பெயர்ப் புலத்தை அவர்களே முன்வந்து என்வார்சார் (யூனிகோட் ஏற்கும் உரை வகை) ஆக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வர் 2019 முதல் யூ.டி.எஃப்.-8 (யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறை) ஒப்பீட்டு முறையைத் தேர்ந்தால் வார்சார் புலத்திலும் தமிழ் தங்கும்; அதையும் யாரேனும் தேர்ந்தால்தான் உண்டு. நீளத்தையும் கேளுங்கள். "தண்டையார்பேட்டை" நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, யூனிகோடில் அது 15 குறியீடுகள், யூ.டி.எஃப்.-8இல் 45 பைட்டுகள். ஆங்கிலப் பெயருக்கென்று 40 பைட்டு என அளவு வைத்த வார்சார் புலத்தில் அது முழுதாக நுழையாது.

இன்னொரு நுட்பம் உண்டு. நம் பகுதிக்காரர்களுக்கென்றே அமைந்தது போல இருக்கும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று நம் ஊர்ப் பெயர்களில் அந்த எழுத்து எவ்வளவு நிறைந்திருக்கிறது பாருங்கள். எல்லாப் பெயர்களையும் ஒரே இயல்வடிவத்துக்கு (ஓர் எழுத்துக்கு எங்கும் ஒரே குறியீட்டு முறை) கொண்டுவந்த பிறகு இரட்டைப் பதிவுகளைத் தேடினால் பாதித் தொல்லை குறையும். பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களையும் அப்போதே நீக்கிவிடுங்கள்.

இரட்டைப் பதிவுகளை அழிக்காதீர்கள். மாணவர் ஒதுக்கீடும் கட்டணக் கணக்கும் பழைய வருகைப் பதிவும் நிறுத்தத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. அதன் எண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. நிலைக்கப் போகும் எண்ணுக்கு மாணவர்களை மாற்றிவிட்டு, மற்றவற்றைச் செயலற்றவை என்று குறியுங்கள். எந்த எண் எந்த எண்ணானது என்று தனி அட்டவணை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வீட்டுக் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோமே, அந்தப் புத்திதான். பழைய எண்ணைச் சுரண்டிவிட்டிருந்தால் தபால்காரர் பாடு என்னவாகியிருக்கும்?

எக்செல் வழி பற்றி: கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காக்கும். பேருந்தில் உள்ள ஜி.பி.எஸ். கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண் (கருவியின் அடையாள எண்) 15 இலக்கம், அது மயிரிழையில் தப்பிக்கும். கருவிக்குள் உள்ள சிம் அட்டையில் அச்சிட்டிருப்பது 19 அல்லது 20 இலக்கம்; அதன் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும், பழைய எக்செல் பதிப்புகள் ஒரு வார்த்தை எச்சரிக்காது. அத்தகைய நெடுவரிசைகளைக் கோப்பைத் திறக்கும்போதே உரை வகை என்று குறிக்க வேண்டும். தமிழ் இருக்கும் கோப்பைச் சி.எஸ்.வி. என்ற வெறும் உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்.-8 வகைத் தேர்வையே எடுக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாகக் கேள்விக்குறிகளை நீங்களே விளைவிப்பீர்கள்.

மூலக்கடை மேற்பார்வையாளர் எழுதியது:

அம்மா, நான் பேருந்துத் தொழிலில் முடி நரைத்தவன்; கடைசிப் பத்தாண்டுகள் பள்ளி வண்டிகளைப் பார்த்துக்கொண்டேன். தரவாளர் தம்பி சொன்னவை கணினிக்குச் சரியாக இருக்கலாம். எனக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நான்கு சுங்கச்சாவடிகளும் ஒரே இடம்தான் என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

நிறுத்தம் என்பது பெயர் அன்று. சாலையின் ஒரு பக்கத்தில், வண்டியின் வாயிற்படி எந்தக் கல்லின் எதிரே நிற்கிறதோ அந்த இடம். சுங்கச்சாவடிப் பக்கம் மெட்ரோ மேம்பாலத்தின் தூண்கள் நெடுஞ்சாலையின் நடுவில் நிற்கின்றன. காலையில் பிள்ளையை ஏற்றும் பக்கம் ஒன்றாகவும் மாலையில் இறக்கும் பக்கம் வேறாகவும் இருந்தால், அவை இரண்டு நிறுத்தங்கள். அவற்றை ஒன்றாக்கினால் கணினியில் ஒரு வரி மிச்சமாகும். ஏழு வயதுப் பிள்ளை மாலையில் லாரிகளுக்கு இடையே சாலையைக் கடக்கும். எங்களிடம் முன்பு ஒருவர் பெயர்ப் பொருத்தம் பார்த்து நிறுத்தங்களை இணைத்தார். பெயர் பொருந்தியது, பக்கம் பொருந்தவில்லை. நடத்துநர் அம்மா கண்ணில் பட்டதால் முதல் நாளே தெரிந்தது.

ஆகையால் பதிவைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடத்திலும் காலை ஒரு நடை, மாலை ஒரு நடை நீங்களே வண்டியில் போய் வாருங்கள். 14 வண்டிக்கு 14 நாள் ஆகும். ஏப்ரலில் பள்ளி நடக்கும்போதே தொடங்கினால்தான் உண்டு. மே மாதத்தில் போனால் காலி வண்டியில் என்ன தெரியும்? ஓட்டுநர் சொல்லும் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் அகஸ்தியா திரையரங்கை 2020இல் மூடிவிட்டார்கள். வண்டிக்காரர்களுக்கும் பெற்றோருக்கும் அந்த நிறுத்தம் இன்னும் அகஸ்தியாதான். வரைபடத்தில் இல்லையே என்று பெயரை மாற்றினால், தற்காலிக ஓட்டுநர் வரும் நாளில் அவரும் திகைப்பார், பெற்றோரும் திகைப்பார்கள். வழக்குப் பெயருக்கென்று தனிப் புலம் கேட்டு வாங்குங்கள்.

நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டும் தடத்துக்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளோடு வரும் தடத்துக்கும் கணினி தூரத்தை வகுத்துப் போட்டுத் தரும் நேரம் ஏட்டுச் சுரைக்காய். ஓட்டுநர் பல ஆண்டுகளாகப் பழகி வைத்த நேரம் பழைய தரவில் கையால் இட்டதாக இருக்கும். புதிய மென்பொருள் மீண்டும் கணக்கிட்டு அதன் மேல் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதவரம் பொறுப்பாளர் எழுதியது:

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். நாங்கள் சென்ற ஆண்டு இதே வேலையைச் செய்தோம். செய்த பிழைகளைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம்.

நிறுத்தங்களின் அகலாங்கும் நெட்டாங்கும்தான் (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் அட்ச, தீர்க்க ரேகை அளவுகள்) எங்களைப் படுத்தின. சென்னை ஏறத்தாழ 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. எங்கள் கோப்பில் சில வரிகளில் இரண்டும் இடம் மாறியிருந்தன. புதிய வரைபடத்தைத் திறந்தபோது மாதவரம் பால்பண்ணைப் பிள்ளைகள் சிலர் வட துருவப் பகுதியின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே கடலில் வண்டிக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பிழை சிரிப்பு மூட்டுவது, கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழைதான் ஆபத்து. யாரோ 13 பாகை 9 கலை என்று குறித்திருந்ததை, இன்னொருவர் 13.09 என்று உள்ளிட்டிருந்தார். 9 கலை என்பது 0.15 பாகை. அந்த 0.06 பாகை வேறுபாடு தரையில் ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல். நிறுத்தம் சென்னைக்குள்ளேயே வேறொரு பேட்டையில் போய் நின்றது. புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்பதும் முக்கியம். மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர் அளவுக்குத் தடுமாற்றம். ஐந்து இலக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஐயா சொன்ன சாலைப் பக்கம் மூன்று இலக்கத்தில் கரைந்துபோகும். வண்டியில் போகும்போதே நிறுத்தத்தில் இறங்கி நின்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். முகவரியைக் கொடுத்துக் கணினியையே இடம் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். பிள்ளையார் கோயில் தெருவும் காமராஜர் தெருவும் நம் பக்கத்தில் பேட்டைக்கு ஒன்று இருக்கிறதல்லவா, கணினி தனக்குப் பிடித்த தெருவைத் தேர்ந்துகொள்ளும். அஞ்சல் எண்ணைச் சரியாக நிரப்பினால் ஓரளவு தப்பலாம்: திருவொற்றியூர் 600019, தண்டையார்பேட்டை 600081, கொடுங்கையூர் 600118 என்று பேட்டையைப் பிரித்துக் காட்ட அதுவே உதவும்.

அடுத்தது கட்டணம். ஒன்றாக்கப் போகும் இரண்டு நிறுத்தங்கள் வேறு வேறு கட்டணப் படியில் இருந்தால், இணைத்த மறுமாதம் பெற்றோர் கையில் வேறு தொகையுடன் ரசீது போய்ச் சேரும். கணக்குப் பிரிவின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே அவற்றை இணையுங்கள். நான் வாங்கவில்லை, ஜூன் மாதம் முழுக்கத் தொலைபேசியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டியும் தடமும் எங்கள் பழைய தரவில் ஒன்றாகக் கலந்திருந்தன. பேருந்தின் நெற்றியில் 5 என்று எழுதியிருக்கும். அது தடத்தின் எண். பதிவெண்ணோ டிஎன்05 வரிசையாக இருக்கலாம், டிஎன்18 வரிசையாக இருக்கலாம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) வண்டி போகும் நாளில் மாற்று வண்டி வரும், தடம் மாறாது. இரண்டையும் பிரித்து வைக்காவிட்டால், வண்டியை விற்கும் நாளில் அதன் தடமும் பதிவிலிருந்து மறைந்துவிடும். பதிவெண்ணை இடைவெளியோடு ஒருவரும் கோடு போட்டு ஒருவரும் எழுதியிருப்பார்கள். ஒரே வடிவம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் நீங்களே கையால் போட்டு வைத்த தடைகளையும் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும் என்பதால் அந்த வழியைத் தவிர்க்கும்படி நாங்கள் குறித்திருந்தோம். புதிய வரைபட அடுக்கு வந்ததும் அந்தக் குறிப்பு காணாமற்போயிற்று. அக்டோபர் வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியாக, முன்னதா பின்னதா என்ற கேள்விக்கு என் பதில். பெயர், குறியாக்கம், இடக்குறி ஆகியவற்றை மாற்றத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். புதிய ஆண்டுக்கு வகுப்பு உயர்த்தும் வேலையை மட்டும் மாற்றத்துக்கு முன்னால் செய்யவே செய்யாதீர்கள். ஏப்ரல் மாதத்தில் எந்தப் பிள்ளை எந்த வண்டியில் வந்தது என்பது ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் உங்களுக்கும் மனப்பாடமாகத் தெரியும். அந்தத் தரவோடு புதிய பதிப்புக்குப் போனால் எது தவறு என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். வகுப்பும் உயர்ந்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்களும் நீங்கி, புதியவர்களும் சேர்ந்த பிறகு பதிப்பை மாற்றினால், பிழை மென்பொருளுடையதா நம்முடையதா என்று சொல்ல ஆள் கிடைக்காது.

தேரடி எழுத்தர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஐயா கேட்ட கேள்வி உறுத்தியதால் அன்று மாலையே 3ஆம் தட வண்டியில் ஏறிப் போனேன். நான்கு சுங்கச்சாவடிகளில் இரண்டு மட்டுமே ஒரே இடம். ஒன்று எதிர்ப்பக்கம், மாலையில் மட்டும் வண்டி நிற்பது. நான்காவது, கடைசியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளைக்காக நின்ற இடம். அந்தப் பிள்ளை இப்போது பள்ளியிலேயே இல்லை. நான் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அழிக்கவிருந்த மூன்றில் ஒன்று, தினமும் 11 பேர் இறங்கும் நிறுத்தம்.

இன்னும் ஒரு சந்தேகம். சோதித்துப் பார்ப்பதற்கென்று முழுத் தரவுத்தளத்தையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

வண்ணைத் தரவாளர் எழுதியது:

ஐயா சொன்ன பிறகு என் பதிலைத் திரும்பப் படித்தேன். பெயரை ஒழுங்குபடுத்தினால் இரட்டைகள் தெரிந்துவிடும் என்று எழுதியது அவசரம். சந்தேகத்துக்குரிய இரட்டைகள் தெரியும் என்று எழுதியிருக்க வேண்டும். தீர்ப்பைச் சாலையில்தான் சொல்ல முடியும்.

மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அதில் 640 பிள்ளைகளின் பெயர், வீடு, பெற்றோரின் கைப்பேசி எண், எந்த நேரத்தில் எந்த முனையில் தனியாக நிற்பார்கள் என்ற விவரம் வரை எல்லாம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்கள் தரவுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைக்கிறது. சோதனைக்குப் பெயரும் எண்ணும் மாற்றிய நகல் போதும். இறுதி மாற்றத்தை அவர்கள் உங்கள் அலுவலகத்துக்கே வந்து செய்யட்டும். முடியாதென்றால் கடவுச்சொல் இட்ட மறையாக்கக் கோப்பாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிட்டதாக எழுதி வாங்குங்கள்.

திரும்புவது பற்றி: 2012இல் எடுத்த காப்புநகலை 2022இல் மீட்டெடுக்கலாம். 2022இல் எடுத்ததை 2012இல் மீட்டெடுக்க முடியாது. அது ஒருவழிப் பாதை. ஆகவே மாற்றத்துக்கு முதல் நாள் மாலை முழுக் காப்புநகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் உண்மையிலேயே மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புநகலை நம்பாதீர்கள். பழைய சேவையகத்தையும் ஜூன் முடியும் வரை கலைக்காமல் வையுங்கள். மீட்டெடுத்த பிறகும் தரவுத்தளம் 2012க்குரிய 110 என்ற ஒத்திசைவு நிலையிலேயே (எந்தப் பதிப்பின் விதிப்படி இயங்குவது என்ற அமைப்பு) இருக்கும். 2022க்குரிய 160க்கு எப்போது உயர்த்துவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாற்றமும் ஒரே நாளில் வேண்டாம்.

சரிபார்க்க மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. 640 என்பது 640ஆகவே வந்திருக்கும், ஆனால் 6ஆம் தடத்தில் நால்வர் கூடி 9ஆம் தடத்தில் நால்வர் குறைந்திருக்கலாம். தடவாரியாகக் காலைப் பட்டியலையும் மாலைப் பட்டியலையும் மாற்றத்துக்கு முன்பே அச்சிட்டு வையுங்கள். புதிய பதிப்பிலிருந்து எடுத்த பட்டியலை அந்தந்த வண்டியின் நடத்துநரிடம் கொடுத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். நிறுத்தம் இல்லாத மாணவர், மாணவரே இல்லாத நிறுத்தம், தடத்தில் சேராத நிறுத்தம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்துத் தரும்படி நிறுவனத்தாரைக் கேளுங்கள். அவர்களுக்கு அது பத்து நிமிட வேலை.

தேரடி எழுத்தர் எழுதியது:

காப்புநகலைத் திறந்து பார்க்க மேலாளர் ஒரு பழைய கணினியை ஒதுக்கித் தந்திருக்கிறார். பெயரை மாற்றிய நகலே போதும் என்று நிறுவனத்தாரும் ஒப்புக்கொண்டார்கள். கேள்விக்குறியாகிப்போன 23 பெயர்களில் 19ஐ, 7ஆம் வண்டி நடத்துநர் அம்மா வைத்திருந்த பழைய நோட்டுகளிலிருந்து எடுத்துவிட்டேன். மீதி நான்கும் மணலித் தடத்தவை; அந்தத் தடத்தில் நாளைக் காலை 6.20க்கு ஏறுகிறேன்.